கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின் அடாப்டர்: எதை நம்பலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் அடிக்கடி கைமாறும் ஒரு சோடி உண்டு: ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினி, அதில் செருகுவதற்கு இரண்டாம் கை கிராஃபிக்ஸ் கார்ட். 2022 செப்டெம்பரில் கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்தபின் ஆர்.எக்ஸ் 580, ஜி.டி.எக்ஸ் 1060 போன்ற கார்டுகள் உலகெங்கும் மலிந்தன. பொடியன்களுக்குக் கொண்டாட்டம்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்த பிறகுதான் கார்ட் 6 பின் அல்லது 8 பின் பிளக் கேட்பதும், கணினியின் பவர் சப்ளையில் அப்படி ஒன்று இல்லாததும் தெரியவரும். மறுநாள் கடைக்குப் போனால் சில நூறு ரூபாய்க்கு ஓர் அடாப்டர் கிடைக்கும். ஆனால் கடைக்காரரின் லாச்சிக்குள் கிடக்கும் அடாப்டர்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல.

அடாப்டர் பிளக்கின் உருவத்தை மாற்றும், மின்சாரத்தைக் கூட்டாது. 5 அம்பியர் உருளைப் பின் சொக்கெட்டில் கொன்வேட்டர் ஒன்றைச் செருகி, அதில் 13 அம்பியர் பிளக்கோடு ஸ்திரிக்கைப் பெட்டியை மாட்டுகிறவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் இருக்கிறார்கள். பிளக் உள்ளே போய்விட்டது என்பதால் சுவருக்குள் இருக்கும் வயர் தடித்துவிடாது.

கார்ட் எங்கிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கார்டைச் செருகும் மதர்போர்ட் ஸ்லொட் 75 வாட், 6 பின் பிளக் 75 வாட், 8 பின் பிளக் 150 வாட். பிளக்குகளில் வருவது 12 வோல்ட் என்பதால் அங்கே 75 வாட் என்றால் 6.25 அம்பியர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடாப்டர்களைப் பார்ப்போம்.

மிக மோசமானது சாட்டாவிலிருந்து 6 பின்னுக்குப் போகும் அடாப்டர். மிக எளிதாகக் கிடைப்பதும் அதுவே. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மின் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று சின்னஞ்சிறு பின்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 அம்பியர் எல்லை. மொத்தம் 4.5 அம்பியர், அதாவது 54 வாட். 6 பின் கார்ட் 75 வாட் கேட்கலாம். 8 பின்னுக்கு மாற்றும் சாட்டா அடாப்டரும் விற்பனையில் இருக்கிறது. அதைச் செய்தவருக்கு என்ன துணிச்சலோ! மின்னோட்டம் இரட்டித்தால் இணைப்பில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பதால், எல்லையைச் சற்றுத் தாண்டுவதும் சிறிய விஷயமல்ல. அலுவலகக் கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பலவற்றில் சாட்டா மின் வயர் பவர் சப்ளையிலிருந்து வருவதில்லை, மதர்போர்ட்டிலிருந்து வருகிறது. அங்கே கருகப்போவது வயர் மட்டுமல்ல. இரண்டு சாட்டா தலைகள் உள்ள அடாப்டரைக் காட்டி ‘இது பாதுகாப்பானது’ என்பார்கள். இரண்டு தலைகளும் ஒரே வயரில் தொங்குமானால் அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

மோலெக்ஸ் என்று கடையில் கேட்கும் பழைய 4 பின் பிளக் இதைவிட மேல். அதன் பின்கள் தடித்தவை, வயரும் பெரும்பாலும் தடித்தது. இரண்டு மோலெக்ஸ் தலைகளை ஒரு 6 பின்னாக மாற்றும் அடாப்டரை, தலைகள் இரண்டும் பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக வரும் வயர்களில் இருந்தால், ஜி.டி.எக்ஸ் 1060 போன்ற 120 வாட் கார்டுக்கு ஏற்கலாம். ஆனால் மோலெக்ஸ் மட்டுமே உள்ள பவர் சப்ளை மிகவும் பழையதாகத்தான் இருக்கும். கடலோரத்து உப்புக்காற்று பல ஆண்டுகள் தின்ற பின்கள் மங்கியிருந்தால் அங்கே தடை கூடும், சூடும் கூடும். ஆகவே மோலெக்ஸுக்கு நான் தரும் அனுமதி அரை மனத்தோடுதான்.

6 பின்னை 8 பின்னாக்கும் அடாப்டரைப் பலர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். 8 பின்னில் கூடுதலாக இருக்கும் இரண்டு பின்களும் 12 வோல்ட்டைச் சுமப்பவை அல்ல. ஒன்று எர்த், மற்றது ‘8 பின் செருகப்பட்டிருக்கிறது’ என்று கார்டுக்குச் சொல்லும் சைகை. அடாப்டர் அந்தச் சைகையைப் பொய்யாகக் கொடுக்கிறது. வயர் நல்லதாக இருந்தால் அது 150 வாட்டைத் தாங்கும். கேள்வி பவர் சப்ளையைப் பற்றியது. 6 பின் ஒன்றை மட்டும் கொடுத்த தயாரிப்பாளர், 185 வாட் இழுக்கும் ஆர்.எக்ஸ் 580 ஐ நினைத்து அதைச் செய்திருக்க மாட்டார். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த மூன்றுக்கும் போட்டியாக நான் முன்வைப்பது அடாப்டரே தேவைப்படாத கார்டை. 2024 இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 3050 இன் 6 ஜிபி பதிப்பு 70 வாட். ஜி.டி.எக்ஸ் 1650 இல் 6 பின் இல்லாத மாதிரிகள் 75 வாட். ஸ்லொட்டே போதும். ஆர்.எக்ஸ் 6400 இன்னும் குறைவு, 53 வாட். ஆனால் அது தரவு போய்வரும் ஸ்லொட்டின் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய மதர்போர்ட்டில் வேகம் குன்றும். 240 வாட் பவர் சப்ளையோடு வந்த அலுவலகக் கணினிக்கு, அடாப்டர் மாட்டிய ஆர்.எக்ஸ் 580 ஐவிட 3050 தான் சரி. ஆட்டத்தில் சில ஃபிரேம்கள் குறைந்தாலும் இரவில் கணினியை ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

விலையுயர்ந்த கார்டுகளின் கதை வேறு. 2022 ஒக்டோபரில் ஆர்.டி.எக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே அதன் 16 பின் பிளக் உருகிய படங்கள் வெளிவந்தன. பிளக் முழுமையாகச் செருகப்படவில்லை என்பதே முதன்மைக் காரணம் என்றது கார்டின் நிறுவனமான என்விடியா. அது பாதி உண்மை. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. 600 வாட் என்றால் 50 அம்பியர்; அதைச் சுமப்பவை ஆறு பின்கள், ஆளுக்கு 8.3 அம்பியர். எல்லை 9.5. பழைய 8 பின்னிலோ பின் ஒன்றுக்கு 4.2 அம்பியர்தான், உலோகம் தாங்கக்கூடியது அதில் ஏறத்தாழ இரு மடங்கு. புதியதில் தவறுக்கு இடமே வைக்கவில்லை. ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். 2023 இல் இந்தப் பிளக்குக்கு 12வி-2×6 என்ற திருத்தம் வந்தது. சைகைப் பின்களைக் குட்டையாக்கி, பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்ட் மின்சாரம் இழுக்காதபடி செய்தார்கள். ஆனாலும் 2025 இல் 575 வாட் ஆர்.டி.எக்ஸ் 5090 வந்தபோது உருகல் செய்திகளும் கூடவே வந்தன.

இங்கே போட்டி மூன்று பேருக்கிடையில்: கார்டின் பெட்டியில் வரும் அடாப்டர், பவர் சப்ளையோடு வரும் நேரடி வயர், வயரை மடக்காமல் திருப்பிவிட விற்கும் கோண அடாப்டர். கடைசியானதை வாங்காதீர்கள். கேபிள்மொட் நிறுவனம் இத்தகைய கோண அடாப்டர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் அவை 25,000 க்கும் மேல். அழகுக்காக ஓர் இணைப்பைக் கூட்டுவது ஆபத்தையும் கூட்டுவதுதான்.

முதலிரண்டில் நேரடி வயரே மேல், ஓர் இணைப்புக் குறைவு என்பதால். அதற்காகப் புதிய பவர் சப்ளை வாங்க வேண்டுமா என்பது கார்டைப் பொறுத்தது. ஆர்.டி.எக்ஸ் 4070 சூப்பர் 220 வாட். பின் ஒன்றுக்கு 3 அம்பியர் மட்டுமே. பெட்டியில் வந்த அடாப்டரை ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்தி, பிளக்கிலிருந்து ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் வரை வயரை மடக்காமல் விட்டு, ஒவ்வொரு 8 பின்னுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் கொடுத்தால் போதும். 4090, 5090 வாங்கும் வசதி உள்ளவர் பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

வயர் தேடும்போது நண்பரின் பழைய பவர் சப்ளையிலிருந்து கழற்றிய வயரைச் செருகிப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. வயர்களைக் கழற்றக்கூடிய மொடியுலர் பவர் சப்ளைகளில், கார்டின் பக்கத்து முனைக்குத்தான் பொது நியமம். பவர் சப்ளைப் பக்கத்து முனை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சில வேளை ஒரே நிறுவனத்தின் வேறு மாதிரியில்கூட மாறும். கச்சிதமாகப் பொருந்தி 12 வோல்ட் எர்த் இடத்துக்குப் போனால், முதல் முறை சுவிட்சைப் போடும்போதே கார்ட் போய்விடும். சிபியுவுக்கான 8 பின்னும் இதே ரகம்: தோற்றத்தில் தம்பி, உள்ளே நேர்மாறு. வேறு வழியில்லாமல் வேற்று வயரைப் பயன்படுத்துபவர், கார்டில் மாட்டுமுன் மல்டிமீற்றரால் ஒவ்வொரு பின்னையும் அளந்து பார்க்கவேண்டும்.