பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு கேமரா: கும்பகோணத்தில் விசாரித்த கதை

இந்த முறை ஊரில் கோயில், கல்யாணம் எல்லாவற்றையும் விட அதிக நேரம் போனது கேமரா விசாரிப்பதில்தான். அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் பாதி நாள் சென்னையில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் கும்பகோணத்து வீடு பூட்டியே கிடக்கும். போன மார்கழியில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து அக்கா விடவில்லை: "நீ வரும்போது ஏதாவது ஏற்பாடு பண்ணிட்டுப் போ."

எங்களுடையது பழைய வீடு. முன்னால் திண்ணை, கிரில் கேட், நடுவில் முற்றம், பின்னால் கிணறும் கொல்லையும். கொல்லைக் கதவைத் திறந்தால் ஆள் நடமாட்டம் இல்லாத சந்து.

முதலில் வந்தவர் பக்கத்துக் கடைக்காரர். நாலு கேமரா, டிவிஆர் (படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், வயர், கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் சொன்னார். "பில் வேணும்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும் சார்." பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், "நான் இங்கேதானே சார் இருக்கேன்" என்கிறார். ஆள் நல்லவர், வேலையும் தெரிந்தவர். ஆனால் நாலில் மூன்றை வாசல் பக்கமே குறித்தார், ஒன்று கூடத்துக்கு. கொல்லைக்கு ஒன்றுகூட இல்லை. வாசலில் கேமரா தெரிந்தாலே பயப்படுவான் என்பது அவர் கணக்கு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இருந்தாலும் முற்றத்தைத் தாண்டிக் கொல்லை வரை வயர் இழுப்பது பெரிய வேலை என்பதும் அதில் கலந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவு செய்தால் நாளுக்குச் சுமார் 21.6 ஜிபி ஆகும். நாலுக்கும் சேர்த்து 86. பதினோரு பன்னிரண்டு நாளில் ஒரு டெராபைட் நிறைந்து, பழையது அழிய ஆரம்பித்துவிடும். மூன்று மாதம் கழித்து வந்து வீட்டைத் திறக்கிறவர்களுக்கு அந்தப் பதிவால் என்ன பயன்? அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய் என்று மாற்றினால் நாள் கூடும். போதாததற்கு, திருடியவர்கள் டிவிஆர் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது செய்தித்தாளில் அடிக்கடி படிப்பதுதான். பெட்டியைக் கூடத்தில் டிவிக்குக் கீழே வைத்தால் அவனுக்குத் தேடுகிற வேலைகூட இல்லை.

இரண்டாவது, கண்காணிப்புச் சேவை தருகிற ஒரு நிறுவனம். சட்டையில் பெயர்ப் பட்டை, கையில் டேப்லெட், மாதச் சந்தா. எங்கோ ஒரு பெருநகரத்தில் 24 மணி நேரமும் ஆட்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். "சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு கொல்லைக் கதவை உடைக்கிறான். நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "உடனே உங்களைக் கூப்பிடுவோம் சார்." நான் ஜெர்மனியில் இருப்பேன். "அப்போ போலீசுக்குச் சொல்லுவோம்." ஆள் யாராவது நேரில் வருவார்களா? சென்னை, கோவை என்றால் ஏற்பாடு உண்டு, இங்கே இன்னும் இல்லை என்றார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனால் சந்தா மட்டும் சென்னைக்கும் இங்கேயும் ஒன்றுதான்.

அதோடு காவல் நிலையத்துக்கும் போய் வந்தேன். வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தகவல் கொடுத்தால் ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள் என்பது தமிழ்நாட்டில் பலர் கேள்விப்பட்டது, சிலரே செய்வது. ரைட்டர் முகவரி, போகிற தேதி, வருகிற தேதி எல்லாம் எழுதிக்கொண்டார். என் நம்பரைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டார். "அங்க இருந்து நீங்க என்ன சார் பண்ண முடியும்? இங்க யார் இருக்கா, அவங்க நம்பர் சொல்லுங்க." அத்தனை பேரிடம் விசாரித்ததில் உருப்படியான கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான். எந்தச் சாதனத்தை வாங்கினாலும், அது அலறினால் ஐந்து நிமிஷத்தில் டார்ச்சோடு வந்து நிற்கக்கூடியவர் யார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்கு, ஜெர்மனியில் குளிர்காலத்து ஒன்பதரை மணிக்கு, சோபாவில் உட்கார்ந்து என் வீடு கொள்ளை போவதை நேரலையில் பார்க்கலாம். அவ்வளவுதான்.

நான் இருக்கும் ஜெர்மனியில் போலீசே இலவசமாகத் திருட்டுத் தடுப்பு ஆலோசனை தருகிறது. அவர்கள் முதலில் பார்ப்பது கதவையும் ஜன்னலையும்தான். அலாரம் அதற்குத் துணை. ஆர்சி 2 என்ற ஐரோப்பியத் திருட்டுத் தடுப்புத் தரத்துக் கதவு என்றால் ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, ஆப்பு மாதிரிச் சாமான்களை மூன்று நிமிஷமாவது தாங்க வேண்டும். வெறும் மூன்று நிமிஷம்! அந்த நேரத்துக்குள் எதிர்வீட்டு விளக்கு எரிந்தால் வந்தவன் கிளம்பிவிடுவான் என்பதுதான் கணக்கு. நம் ஊரில் கிரில்லும் இரும்புத் தாழ்ப்பாளும் பாதி வேலையை ஏற்கெனவே செய்கின்றன. எங்கள் கொல்லைக் கதவுதான் துருப்பிடித்த கொண்டியும் ஆடுகிற நிலையுமாக இருந்தது. முதல் செலவு அதற்கே. தச்சர் நிலையைச் சரி செய்தார். குறுக்கே இரும்புப் பட்டை. உள்பக்கம் புதுப் பூட்டு.

அம்மாவின் நகைகளில் பாதி பீரோவில் இருந்தது இன்னொரு தலைவலி. வங்கி லாக்கருக்குக் கொண்டுபோகச் சொன்னால், "அங்கே மட்டும் என்ன பத்திரம்?" என்பார். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 ஜனவரி முதல், வங்கியில் திருட்டோ தீ விபத்தோ ஊழியர் மோசடியோ நடந்தால் லாக்கரின் ஆண்டு வாடகையில் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. நகை மதிப்புக்கு அது போதாதுதான், ஆனாலும் பீரோவுக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. வங்கியில் ஒரு முழுக் காலை போனது, அதை விவரித்தால் தனிப் பதிவாகிவிடும். நகை போனதும் வீட்டில் பித்தளைப் பாத்திரமும் டிவியும்தான் மிச்சம். அதோடு என் பட்ஜெட்டும் சுருங்கியது.

கடைசியில் அதே கடைக்காரரிடம், பில்லோடு, இரண்டே கேமரா: ஒன்று கொல்லைக்கு, ஒன்று வாசலுக்கு. கொல்லைக் கதவில் சென்சார், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சைரன். கடையில் சும்மா கிடந்த அலாரப் பெட்டியை அவர் மலிவாகத் தருகிறேன் என்றார். அது 2ஜி சிம்மில் மட்டும் ஓடுவது, ஜியோ போட்டால் வேலை செய்யாது. 4ஜி பெட்டியே வாங்கினேன். அதன் ரீசார்ஜ் என் பொறுப்பு.

பொருத்துகிற அன்று இரண்டு இடத்தில் கூடவே நிற்க வேண்டியிருந்தது. கேமராவின் க்யூஆர் கோடை வந்த பையன் தன் போனில் ஸ்கேன் செய்து, எனக்கு 'ஷேர்' கொடுக்கப் பார்த்தான். எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறானாம். அப்படிச் செய்தால் கேமராவுக்குச் சொந்தக்காரன் அவன், நான் வெறும் விருந்தாளி. அழித்துவிட்டு அப்பா பெயரில் கணக்குத் திறந்து ஏற்றினோம். அப்புறம் பாஸ்வேர்டு. "அட்மின்னே இருக்கட்டும் சார், மறக்காது" என்றான். 2016-இல் மிராய் என்ற வைரஸ், இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான் உலகமெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

இத்தனையும் முடிந்தபிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்: "ஊருக்குப் போகும்போது மெயினை அணைச்சிட்டுத்தான்டா போவேன்." ஷார்ட் சர்க்யூட் பயம். எலக்ட்ரீசியனை வரவழைத்து ரவுட்டர், கேமரா, அலாரம் மூன்றுக்கும் இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர் போட்டோம். மற்றதையெல்லாம் அவர் தாராளமாக அணைக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்டை நிறுத்தும் நாளிலும் இது ஓடும். கரண்டு பில்? முப்பது வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கூடத்தில் ஒன்று வைக்கலாம் என்று அக்கா வற்புறுத்தினாள், அப்பா விழுந்தால் தெரியுமே என்று. "அது திருடனைப் பார்க்கவா, எங்களைப் பார்க்கவா?" என்று அம்மா கேட்டார். வைக்கவில்லை. முதியவர்கள் விழுவதைப் பற்றிய கவலை நியாயமானது, ஆனால் அதைத் திருட்டுக் கணக்கில் சேர்த்து அவர்கள் கூடத்தில் கேமராவை நுழைப்பது சரியில்லை. வாசல் கேமராவும் எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்க்காதபடி திருப்பி வைத்தாயிற்று. அந்த வீட்டு அண்ணனைத்தானே நம்பியிருக்கிறோம்!

சைரன் அடித்தால் முதல் அழைப்பு அவருக்கு, அடுத்தது மூன்று தெரு தள்ளி இருக்கும் சித்தி மகனுக்கு. ரைட்டரிடமும் இந்த இரண்டு நம்பர்தான் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 112 என்று என் போனில் அழுத்தினால் ஜெர்மன் தீயணைப்புத் துறைதான் எடுக்கும், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அவசர உதவிக்கு அதே எண். அதனால் நிலையத்தின் தரைவழி எண்ணை 91-435 என்று முன்னால் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். ஜெர்மனி திரும்பியதும் பகல் நேரத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்தேன், எடுத்தார்கள்.