கழுத்து வெடித்த துப்பாக்கிக் கட்டை: ஒட்டிப் பல பருவங்கள் சுட்ட பிறகு

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே (கல் உரசிய பொறியால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய வகை) தனி மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு நான் எடுத்துப்போவது .50 காலிபர் நீளத் துப்பாக்கி. குழலைத் தாங்கும் கட்டை அலைவரி மேப்பிள் மரம். பழையதாக வாங்கியபோதே கை பிடிக்கும் ஒல்லியான கழுத்தில், குழலின் வாலுக்கு (பின்முனையிலிருந்து நீளும் இரும்பு நாக்கு) பின்னால், மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. எபாக்ஸி என்ற இருகலவைப் பசை வைத்து ஒட்டினேன். அதன்பின் பல பருவங்கள் சுட்டாயிற்று. விரிசல் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் பாதிதான் பசைக்குச் சேரும்.

இந்த வகைத் துப்பாக்கிக்குக் கழுத்துதான் நோஞ்சான் இடம். கல்லைத் தட்டும் பொறிக்குப் பக்கவாட்டில் ஒரு குழி, விசைக்குக் கீழிருந்து ஒரு குழி, வாலைப் பிடிக்கும் திருகாணிக்கு மேலிருந்து ஒரு துளை. மூன்றும் போக மிஞ்சும் மரம் கொஞ்சம்தான். அலைவரி மேப்பிளில் நார் நேராக ஓடாது. அழகும் அதனால்தான், பலக்குறைவும் அதனால்தான்.

பசையைத் தொடுமுன் காரணத்தைத் தேடினேன். கிட்டிக்கோலை (மருந்தை இடிக்கும் கோல்) குழலுக்குள் விட்டு மருந்தில்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலைக் கழற்றி, அதன் பின்முகமான அடிமுகத்திலும் வாலிலும் விளக்குக்கரி தடவிக் கட்டையில் பதித்துப் பார்த்தேன். அடிமுகம் அழுந்த வேண்டிய மரத்தில் கரியே ஒட்டவில்லை. வால்நுனி முட்டும் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பிறை. சுடும்போதெல்லாம் பின்னுதைப்பு முழுவதையும் அந்த நுனி ஆப்பு போல மரத்துக்குள் இறக்கியிருக்கிறது. இதை விட்டுவிட்டு விரிசலை மட்டும் ஒட்டினால், பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.

எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. அசிட்டோனால் திரும்பத் திரும்பத் துடைத்து, சாக்பீஸ் பொடியை அப்பி எண்ணெயை உறிஞ்ச வைத்தேன். பொடி மஞ்சளாகாமல் வெள்ளையாகவே உதிரும்வரை விடவில்லை; பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். பிறகு அக்ராகிளாஸ் என்ற எபாக்ஸி: நான்கு பங்கு பிசினுக்கு ஒரு பங்கு கெட்டியாக்கி. விளக்குச் சூட்டில் இளகவைத்து, கழுத்தை மெல்ல வளைத்து விரிசலைத் திறந்து உள்ளே இறக்கி, ரப்பர் குழாயால் இறுகச் சுற்றி ஒருநாள் முழுக்க அசைக்காமல் வைத்தேன். விசைக்குழிக்குள்ளிருந்து சாய்வாக ஒரு பித்தளைத் திருகுகம்பியும் ஏற்றினேன், வெளியே தெரியாது. அதே எபாக்ஸியால் அடிமுகத்துக்கு மெத்தை போட்டேன். இரும்பில் மெழுகு பூச மறந்தால் குழல் கட்டையோடு ஒட்டிவிடும். கடைசியாக வால்நுனிக்குப் பின்னால் அஞ்சலட்டை கனத்துக்கு மரத்தைச் செதுக்கி விட்டேன்.

குறை என்றால் ஒன்றுதான்: காய்ந்த எபாக்ஸியில் மரச்சாயம் ஏறாது. கலக்கும்போதே நிறம் சேர்க்க வேண்டும். சாய்வான வெயிலில் பார்த்தால் கோடு இன்னும் தெரிகிறது. அது எனக்கு உறுத்தவில்லை.

இப்போது பராமரிப்பில்தான் கண். கழுவும்போது பற்றுத்துளையை (தீ மருந்துக்குப் போகும் சிறு துளை) பல்குச்சியால் அடைத்துவிடுகிறேன், தண்ணீர் பொறிக்குழிக்குள் போகாது. ஆணியடித்துப் பிடித்த குழலை அடிக்கடி கழற்றுவதில்லை. ஆணித்துளை ஓரம் பிய்ந்துவிடும். எண்ணெய் விட்ட துப்பாக்கியை முதல்சில நாள் வாய் கீழாக நிறுத்துகிறேன், எண்ணெய் கழுத்துக்கு இறங்காமலிருக்க. குழல் படியும் பள்ளத்துக்குள்ளும் ஆளிவிதை எண்ணெய் பூசியாயிற்று. பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் வைப்பதே இல்லை. காற்று உலர்ந்தால் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், இரும்பு சுருங்காது. பருவம் தொடங்குமுன் விளக்குக்கரி சோதனையை ஒருமுறை செய்கிறேன். இப்போது அடிமுகம் முழுவதும் கறுப்பாகப் பதிகிறது.