இரும்புச்சத்து மாத்திரை: பிராண்டா, ஜெனரிக்கா?

இரத்தச்சோகைக்காக நான்கு மாதம் பிராண்டு மாத்திரை, அதன் பிறகு ஐந்து மாதம் ஜெனரிக், அதாவது பிராண்டுப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்பது. இரண்டையும் விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் ஓட்டு ஜெனரிக்குக்கு. நடுநிலை வேடம் போட விருப்பமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெனரிக் மலிவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டிலும் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மருந்து என எதோடு சேர்த்து விழுங்கினாலும் இரண்டுமே சரியாக உடலில் சேராது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். மிட்டாய் மாதிரி பளபளக்கும் இந்த மாத்திரைகள் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தானவை. அதிலும் பிராண்டு, ஜெனரிக் பேதமில்லை.

அப்படியானால் பிராண்டு எதற்காகக் கூடுதல் காசு வாங்குகிறது? இரும்புக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. பியர் பிளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருட்டிய மாத்திரைகளைப் பற்றி 1832இலேயே எழுதிவிட்டார். அதே ஃபெரஸ் சல்பேட்தான் இன்றைய ஜெனரிக் அட்டையிலும் இருக்கிறது. சரக்கு பழையது என்பதால், வித்தியாசம் காட்ட விரும்பும் நிறுவனத்துக்குக் கையில் இருப்பவை மேல்பூச்சும், கூடச் சேர்க்கும் வைட்டமின்களும், பெயரும்தான்.

என்னைக் கவர்ந்ததும் அந்தப் பூச்சுதான். 'வயிற்றுக்கு இதமானது, மெல்லக் கரைவது' என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. உண்மையிலேயே இதமாக இருந்தது. எரிச்சலும் இல்லை, உமட்டலும் இல்லை. நான்கு மாதம் கழித்து இரத்தம் கொடுத்துப் பார்த்தால், டெசிலிட்டருக்கு 9.6 கிராமாக இருந்த ஹீமோகுளோபின் 10.1 ஆகியிருந்தது. சிகிச்சை சரியாக வேலை செய்தால் மூன்று, நான்கு வாரத்திலேயே 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதுதான், அந்த இதத்துக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்று உறைத்தது.

விஷயம் முழுவதும் மாத்திரை எங்கே கரைகிறது என்பதில் இருக்கிறது. உடல் இரும்பை உறிஞ்சிக்கொள்வது பெரும்பாலும் இரைப்பையைத் தாண்டியவுடன் வரும் சிறுகுடலின் முதல் பகுதியில். அது நீளம் குறைந்த இடம். இரைப்பை அமிலத்தில் கரையாதபடி பூச்சுப் போட்டாலோ, பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி செய்தாலோ, இரும்பில் ஒரு பங்கு அந்த இடத்தைக் கடந்த பிறகுதான் வெளியே வருகிறது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் தூங்கிப்போன பயணியைப் போல அது நேராகக் கடைசி வரை போய்விடுகிறது. வயிறு எரியாததற்கும் காரணம் அதுதான்: வயிற்றில் இரும்பு அவிழவே இல்லை. ஜெனரிக்காக நான் வாங்கிய சாதாரண ஃபெரஸ் சல்பேட் சீக்கிரம் கரைகிறது, சங்கடப்படுத்துகிறது, உள்ளேயும் சேர்கிறது.

அப்படியென்றால் இது பூச்சுக்கும் பூச்சின்மைக்குமான சண்டைதானே, பிராண்டை ஏன் இழுக்கிறாய் என்று கேட்டால், பாதி ஒத்துக்கொள்கிறேன். பூச்சில்லாத பிராண்டுகளும் உண்டு, பூச்சுப் போட்ட ஜெனரிக்குகளும் உண்டு. ஆனால் அதிக விலையை நியாயப்படுத்தச் சொல்லப்படும் முதல் காரணமே அந்தப் பூச்சாக இருக்கும்போது, எனக்குத் தேவையில்லாத ஒன்றுக்குத்தான் பணம் போகிறது.

மாற்றும்போது ஒரு பொறி உண்டு. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மில்லிகிராமை நம்பக் கூடாது. அது இரும்பு உப்பின் எடை. அதற்குள் இருக்கும் இரும்பின் எடை வேறு. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு; ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 12 சதவீதம்தான். 300 மில்லிகிராம் குளுக்கோனேட்டில் ஏறக்குறைய 35 மில்லிகிராம் இரும்பு. 200 மில்லிகிராம் ஃபியூமரேட்டில் ஏறக்குறைய 65. பெரிய எண் போட்ட மாத்திரையில் பாதியளவு இரும்பு! அட்டையைத் திருப்பினால் 'எலிமென்டல் அயர்ன்', அதாவது உப்பைக் கழித்த வெறும் இரும்பின் எடை, என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மருந்துச்சீட்டோடு ஒப்பிட வேண்டியது அந்த வரியைத்தான். என் பழைய அட்டையில் அது மடிப்புக்குள் பதுங்கியிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

ஜெனரிக் என்றாலே பிராண்டுக்குச் சமம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. மருந்தாகப் பதிவான ஜெனரிக், மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் சேர்கிறது என்று பொதுவாகச் சோதனையில் காட்ட வேண்டும். உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் இரும்பு மாத்திரைக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. அதனால்தான் மாற்றிய பிறகு நான் நான்காவது வாரமே இரத்தம் கொடுத்துப் பார்த்தேன்: 11.8.

இதில் முழுப் புகழையும் ஜெனரிக்குக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அதே வாரத்தில்தான் மாத்திரையோடு காபி குடிக்கும் பழக்கத்தையும் விட்டேன். தினமும் விழுங்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மருத்துவர் மாற்றியதும் அப்போதுதான். ஒரு வேளைக்கான இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த நாள் வரை இரும்பு நுழையும் கதவைச் சாத்தி வைக்கிறதாம். எது எவ்வளவு கைகொடுத்தது என்று பிரித்துச் சொல்ல ஒருத்தியின் இரத்தப் பரிசோதனை போதாது. சொட்டு மருந்து, ஊசி, கர்ப்ப காலம் இவையெல்லாம் என் அனுபவத்துக்கு வெளியே.

பிராண்டுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அது ஒவ்வொரு முறையும் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் வரும். ஜெனரிக் அப்படியல்ல. மூன்றாவது முறை வாங்கியபோது பச்சை மாத்திரை சிவப்பாக மாறியிருந்தது; தயாரிப்பாளர் வேறு. பல மருந்துகள் சாப்பிடும் வயதானவர்களுக்கு இது வீண் குழப்பம். சாதாரண சல்பேட்டை வயிறு அடியோடு ஏற்காதவர்களுக்கும் பூச்சுப் போட்ட பிராண்டு தேவலாம். கொஞ்சமாவது உள்ளே போகும் மாத்திரை, பாதியில் தூக்கி எறியும் மாத்திரையைவிட மேல் அல்லவா?

எனக்கு எரிச்சல் முதல் பத்து நாள் இருந்தது. வெறும் வயிற்றில் விழுங்குவதை விட்டு, இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு விழுங்கத் தொடங்கியதும் தணிந்தது. அதில் உறிஞ்சப்படும் இரும்பு சற்றுக் குறையும் என்று தெரிந்தே செய்தேன். ஹீமோகுளோபின் சரியான பிறகும், உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் பாக்கி. சிவப்பு மாத்திரையில் பதினைந்து வேண்டும்.