சுவர்ணபூமியின் அடித்தளக் கடைகள்: பாங்காக் போகிறவர்கள் டாலரை எங்கே வாங்கி எங்கே மாற்றுவது?

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் ஒரே கட்டடத்துக்குள் டாலருக்கு இரண்டு விலை. சுங்கம் தாண்டி வெளியே வரும் இரண்டாம் தளத்தில் வங்கிகளின் மாற்றுக் கவுண்ட்டர்கள் கண்ணுக்கு நேரே நிற்கும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு களைப்போடு வருகிறவர்கள் அங்கேயே நோட்டை நீட்டிவிடுகிறார்கள். இரண்டு தளம் கீழே, லிஃப்டில் ‘பி’ என்று போட்டிருக்கும் அடித்தளத்தில், ஏர்போர்ட் ரயில் லிங்க் நுழைவாயிலை ஒட்டி சூப்பர்ரிச், வேல்யூ பிளஸ் போன்ற தனியார் மாற்றுக் கடைகள் இருக்கின்றன. மேலே கிடைப்பதைவிட இங்கே டாலருக்கு ஒரு பாட் (தாய்லாந்து நாணயம்) கூடுதலாகக் கிடைப்பது சாதாரணம். ஆயிரம் டாலருக்கு ஆயிரம் பாட் என்றால் இரண்டு பேர் சில நாள் தெருக்கடையில் நன்றாகச் சாப்பிடலாம்.

கடைகளின் பலகையில் இரண்டு பத்திகள் இருக்கும். நாம் டாலரைக் கொடுக்கிறோம், கடை வாங்குகிறது. ஆகவே ‘பையிங்’ பத்திதான் நமக்கு. சென்னையில் டாலர் வாங்கும்போது இது தலைகீழ்: அங்கே ‘செல்லிங்’ பத்தியைப் பார்க்க வேண்டும். பலகையில் டாலருக்கே இரண்டு மூன்று வரிகள் இருப்பதையும் கவனியுங்கள். 100 டாலர் நோட்டுக்கு மேலான விலை, 20, 10, 5 டாலர் நோட்டுகளுக்கு ஒரு படி குறைவு, 1 டாலருக்கு இன்னும் குறைவு. சென்னையில் ‘சில்லறையா இருந்தா வசதி’ என்று சின்ன நோட்டுகளாகக் கேட்டு வாங்குபவர்கள் இங்கேதான் அந்த வசதிக்கு விலை கொடுக்கிறார்கள்.

நோட்டு எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். கிழிசல், பேனாக் கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர் ஓட்டை ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். 1996-க்கு முந்தைய, படம் சிறியதாக இருக்கும் 100 டாலர் நோட்டுகளை வாங்கவே வாங்காதீர்கள். நீலப்பட்டை ஓடும் 2013-க்குப் பிந்தைய நோட்டுகளாகவே சென்னைக் கடையில் கேளுங்கள். கவுண்ட்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

மாற்றும்போது அசல் பாஸ்போர்ட் வேண்டும். போனில் இருக்கும் படம் போதாது. கிடைக்கும் பாட்டை அங்கேயே எண்ணிவிட்டு, சில 1000 பாட் நோட்டுகளை 100-ஆகக் கேளுங்கள். டாக்சிக்காரரும் இளநீர்க்காரரும் 1000 பாட்டுக்குச் சில்லறை தேடுவார்கள். அடித்தளக் கடைகளுக்குள் விலை வித்தியாசம் சில சதாங்தான் (100 சதாங் ஒரு பாட்). 500 டாலருக்கு 5 சதாங் வித்தியாசம் என்றால் 25 பாட். அதற்காக நீளமான வரிசையில் நிற்பது வீண். இந்தக் கடை வரிசையின் குறைகளும் இவைதான்: கூட்டம், உட்கார இடமின்மை, நள்ளிரவுக்குப் பிறகு எத்தனை கடை திறந்திருக்கும் என்ற நிச்சயமின்மை. பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் கடை வரிசை கிடையாது. அவர்கள் போக்குவரத்துக்கு மட்டும் 50 டாலர் மாற்றிக்கொண்டு, மீதியை ராட்சதம்ரி சாலைப் பக்கம் உள்ள நகரக் கடைகளில் மாற்றலாம்.

இனி சென்னைப் பக்கம். கேட்க வேண்டிய கேள்வி ‘இன்னிக்கு டாலர் என்ன ரேட்?’ என்பதல்ல. ‘ஆயிரம் டாலர் கையில் வர, எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் தர வேண்டும்?’ என்று கேளுங்கள். கமிஷன் இல்லை என்று எழுதி வைத்திருக்கும் கடை, கமிஷனை விலைக்குள்ளேயே வைத்திருக்கும். ஜிஎஸ்டி தனி. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்தில், தொகையின் ஒரு சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாக எடுத்து, அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். அதாவது லட்சத்துக்கு 180 ரூபாய். இதற்கு மேல் ‘டாக்ஸ்’ என்று யாராவது ஆயிரக்கணக்கில் எழுதினால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். சந்தையின் நடுவிலை (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ளது) டாலருக்கு 90 ரூபாய், 32 பாட் என்று வைத்துக்கொள்வோம். அண்ணா சாலையிலோ தி. நகரிலோ ஒரு கடை 90.90-க்குத் தருகிறது. ஆயிரம் டாலருக்கு ஜிஎஸ்டி சேர்த்து 91,064 ரூபாய். விமான நிலையத்துக் கவுண்ட்டரில் 94.50 என்றால் 94,670 ரூபாய். அவசரத்தின் விலை 3,606 ரூபாய். அந்த ஆயிரம் டாலரை அடித்தளத்தில் 31.85-க்கு மாற்றினால் 31,850 பாட். அதே 91,064 ரூபாய்க்குச் சென்னையிலேயே பாட்டுக்கு 2.95 ரூபாய் விலையில் நேராக பாட் வாங்கியிருந்தால் ஏறக்குறைய 30,810 பாட். டாலர் வழியில் ஆயிரம் பாட்டுக்கு மேல் லாபம். ஆனால் அதே டாலரை மேல்தளத்தில் 30.60-க்குக் கொடுத்துவிட்டால் 30,600 பாட்தான் வரும். சென்னையில் நேராக பாட் வாங்கியதைவிடக் கீழே போய்விடும். இரண்டு முறை மாற்றுவது படியிறங்கிப் போகிறவர்களுக்கு மட்டுமே லாபம். சென்னைக் கடை பாட்டை நடுவிலையிலிருந்து ஒன்றரை சதவீதத்துக்குள் கொடுத்தால் யோசிக்காமல் பாட்டாகவே வாங்கிவிடலாம்.

ரூபாய் நோட்டையே கொண்டுபோய் அங்கே மாற்றலாமா? வாங்குவார்கள். ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ரூபாய்க்கு அவர்கள் வைக்கும் இடைவெளி டாலருக்கு வைப்பதைவிடப் பல மடங்கு பெரிது. தவிர, நாட்டைவிட்டு வெளியே ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய ரூபாய் நோட்டு 25,000 வரைதான்.

எப்போது வாங்குவது? பயணத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்க அனுமதி உண்டு. டாலர் இறங்குமா ஏறுமா என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பதில் சுற்றுலாப் பயணிக்குப் பெரிய லாபம் இல்லை. ஐம்பது காசு இறங்கினால் ஆயிரம் டாலருக்கு 500 ரூபாய். தவறான கடையில் அதைப் போல ஏழு மடங்கு போய்விடும். வார நாளில், பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் போங்கள். சனி, ஞாயிறுகளில் வங்கிச் சந்தை மூடியிருப்பதால் திங்களன்று விலை ஏறிவிடுமோ என்று கடைக்காரர் தன் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்து 100 டாலர் நோட்டுகளை எடுத்துவைக்கச் சொல்வது நல்லது.

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடைதானா என்று பாருங்கள். உரிமம் கவுண்ட்டரில் மாட்டியிருக்கும். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், தேவைப்பட்டால் விசா, எல்லாம் கேட்பார்கள். கேட்காமல் தருகிறவரிடம் வாங்காதீர்கள், பில்லும் இருக்காது, நோட்டு போலியானால் திரும்பிப் போக இடமும் இருக்காது. 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கட்ட முடியாது. வங்கிக் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை, மீதி கார்டில்.

கார்டு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவது இரண்டு இடங்களில். சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் பெரும்பாலும் 3.5 சதவீத மார்க்கப் (வெளிநாட்டு நாணயச் செலவுக்கு வங்கி சேர்க்கும் கூடுதல் தொகை), அதன்மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 4.13 சதவீதம். டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை பாட்டில் தேய்த்தால் டாலரிலிருந்து பாட்டுக்கு மாற்றுவதற்கான குறுக்கு நாணயக் கட்டணம் தனியாக விழும். பாட் கணக்கு உள்ள கார்டா என்று ஏற்றும் முன்பே கேட்க வேண்டும். மார்க்கப் இல்லாத கார்டு கையில் இருந்தால் கதை வேறு. தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிக்கும், சில அதற்கு மேலும். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1 சதவீதம். மேலே போட்ட கணக்கில் டாலர் வழியின் மொத்தச் செலவு சுமார் 1.65 சதவீதம். ஆக, உங்கள் வங்கி தன் பங்குக்கு எதுவும் பிடிக்காது என்றால், ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுப்பது அடித்தளக் கடைகளையே தோற்கடித்துவிடும். ஆனால் கார்டை இயந்திரம் விழுங்கினால் கையில் ஒன்றும் இருக்காது. 300 டாலராவது நோட்டாக இருப்பது நல்லது.

ஏடிஎம் திரையிலும் கடை இயந்திரத்திலும் ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்கும். மறுத்துவிட்டு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த ஊர் வங்கி தன் இஷ்டப்படி விலை போட்டுவிடும். உங்கள் கார்டின் மார்க்கப் விலக்கும் வீணாகும்.

திரும்பும்போது மிஞ்சிய பாட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் அடிமாட்டு விலைதான். செக்-இன் செய்யும் முன் மறுபடி அடித்தளத்துக்கு இறங்கி டாலராக மாற்றிக்கொள்ளலாம்; குடிவரவு தாண்டிவிட்டால் அந்தக் கடைகளுக்குத் திரும்ப வழியில்லை. 2,000 டாலர் வரை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அடுத்த பயணத்துக்கு ஆகும். அதற்கு மேல் இருப்பதை, திரும்பிய 180 நாளுக்குள் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைக்க வேண்டும். அப்போது பழைய பில் உதவும். நாணயங்களை எந்தக் கடையும் வாங்காது. நகருக்குள் இருக்கும் ஃபயா தாய் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் கட்டணம் 45 பாட். டோக்கன் இயந்திரம் நாணயம் வாங்கிக்கொள்ளும்.