சபையின் வீட்டுப் பராமரிப்புக் குழு: கவனிப்பைப் பெறும் வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்த என் அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கிறிஸ்தவ சபையின் வீட்டுப் பராமரிப்புக் குழுவிலிருந்து இரண்டு பேர் வாரம் ஒரு பிற்பகல் வருகிறார்கள். அந்த நேரத்தில் நான் தூங்கலாம், வெளியே போய் வரலாம். கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் நர்ஸ்கள் அல்ல, சபையார்தான். இப்படி ஒரு குழுவை வீட்டுக்குள் விடலாமா என்று தயங்குகிறவர்களுக்காகவும், தங்கள் சபையில் தொடங்க நினைக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஊழியத்தைப் பற்றி ஊழியம் செய்கிறவர்கள் சாட்சி சொல்லி நிறையக் கேட்டிருக்கிறோம். கட்டிலில் கிடப்பவர் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

எங்களுக்கு வாய்த்தவர்கள், ஓய்வுபெற்ற ஒரு அக்காவும் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும். அக்காவின் கை வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் தொட்டுப் பார்ப்பார். "காலைத் துடைக்கட்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார். அம்மாவின் பேச்சு குழறும். பதில் வர நேரமாகும். அதுவரை துணி கையிலேயே இருக்கும். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, குதிகாலைத் திருப்பி எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

ஆரம்பத்தில் அம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை. ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். இன்னொருத்தி தன் காலைத் தொடுவதை அவரால் தாங்க முடியவில்லை. அக்கா வற்புறுத்தவில்லை. கைகளை மட்டும் துடைத்துவிட்டு, இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13-ஆம் அதிகாரத்தை பைபிளிலிருந்து வாசித்தார், அவ்வளவுதான். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொல்லும் இடம் வந்ததும் அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அடுத்த வாரம் போர்வையைத் தானே இடது கையால் விலக்கினார். சேவையில் வளர்வது கொடுக்கிறவர் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். வாங்கிக்கொள்வதற்கும் தாழ்மை வேண்டும், அதுவும் சீஷத்துவம்தான், இயேசுவைப் பின்பற்றுவதுதான் என்பதை அந்த அதிகாரம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எழுந்து வெளியே போவது கால் கழுவிய பிறகுதான். அவன் காலும் கழுவப்பட்டது. கடுகடுத்த முகமும் நன்றி சொல்லாத வாயும் உள்ள வீடுகளுக்குக்கூட இந்தக் குழு தவறாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பற்றி எழுதாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. வந்த புதிதில் அம்மாவிடம் சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசுவாள். அம்மா ஒரு வார்த்தையைத் தொடங்கினால் மீதியை இவளே முடித்துவிடுவாள். இப்போது அப்படி இல்லை. நாற்காலியை இழுத்து, உணர்வுள்ள இடது கைப் பக்கமாக உட்காருகிறாள். அம்மா ஒரு சொல்லுக்காகத் திணறும்போது வாயைத் திறப்பதில்லை, கண்ணை மட்டும் எடுக்காமல் காத்திருக்கிறாள். பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், பரிசுத்த ஆவி மனிதருக்குள் விளைவிக்கும் கனிகளில் ஒன்றாக நீடிய பொறுமை வருகிறது. அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால்தான் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார். அந்தப் பொறுமை இந்த ஊழியத்திலிருந்து எப்படி வளர்கிறது என்பதை என் வீட்டு அறையில் வைத்தே பார்த்துவிட்டேன். அவளுக்கு யாரும் பொறுமையைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. குழறும் பேச்சு ஒன்றுக்கு எதிரே வாராவாரம் உட்கார்ந்தாள்.

குழுவின் விதிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, போட்டோ கூடாது என்பது. எந்த வீட்டுக்குப் போனோம், என்ன செய்தோம் என்று சபையில் சாட்சியாகச் சொல்லவும் கூடாது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6-ஆம் அதிகார வசனத்தை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். எங்களுக்கு இதனால் கிடைத்த நிம்மதி பெரியது. உடம்பு முடியாத ஒருவர் யாருடைய நற்செயலுக்கும் விளம்பரப் படமாக இருக்க வேண்டியதில்லை.

ஆட்கள் மாறும் முறையும் அருமை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஜோடி மாறும். அப்போது போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே நாளில் சேர்ந்து வந்து, அம்மாவை எப்படித் திருப்புவது, எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கைமாற்றிக் கொடுப்பார்கள். துண்டுகளைத் துவைத்து ஒப்படைப்பது போகிறவர்களின் வேலை. இதை 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி கிறிஸ்தவ மடங்களுக்காக எழுதிய ஒழுங்கிலிருந்து எடுத்ததாக அக்கா சொன்னார். அதன் 35-ஆம் அதிகாரப்படி, சமையலறையில் முறை வைத்து வேலை செய்வது எல்லோருக்கும் உண்டு. நோயாளிகளுக்கும் தவிர்க்க முடியாத பணியில் இருப்பவர்களுக்கும் மட்டுமே விலக்கு. வாரம் முடிகிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைக்க வேண்டும். பிறகு, முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லோருடைய காலையும் கழுவ வேண்டும். ஜெப வாழ்க்கைக்கான ஒழுங்குமுறைக்குள் துண்டு துவைப்பதை எழுதிவைத்தவர் சேவையை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்.

சரி, குறைகள். முதல் குறை, நோயாளியைத் தூக்கி நகர்த்த எல்லோருக்கும் முறையான பயிற்சி இல்லை. மாற்று ஆளாக வந்த ஒருவர் அம்மாவை அக்குளில் பிடித்து இழுத்தார். செயலிழந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு விலகிவிடலாம். முதுகுக்குக் கீழே ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்துவதுதான் சரி. அன்பு இருக்கிறது என்பதற்காகப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து அரை நாள் கற்றுக்கொண்டாலே போதும்.

அடுத்தது, கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆளுக்கு மேல் ஆள் வருகிறார்கள். பாட்டு, பரிசு என்று அறை நிறைந்துவிடும், அம்மா களைத்துப்போவார். புத்தாண்டு ஆராதனை முடிந்த பிறகு வரும் வாரங்களில் யாராவது வருவார்களா என்று போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த வாரங்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் குழுவை நான் மனதாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஒரு சின்னத் தாள். அக்கா ஒருநாள் அம்மாவிடம், "நாங்கள் போகிற மற்ற வீடுகளுக்காக நீங்கள் ஜெபிக்க முடியுமா?" என்று கேட்டார். சம்மதம் தந்தவர்களின் பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடியற்காலையில் விழித்ததும் தாளை எடுத்துத் தரச் சொல்கிறார். உடம்பு விழுந்த பிறகு, தன்னால் யாருக்கும் பயனில்லை என்று அழுதவர் அவர். இப்போது குழு வந்ததும் முதலில் அவர் கேட்பது தாளில் உள்ளவர்களைப் பற்றித்தான். அதில் அந்தக் கல்லூரிப் பெண்ணின் பெயரும் இருக்கிறது, அவளே கேட்டுச் சேர்த்துக்கொண்டது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு குழு வருவதாக இருந்தால் முதல் நாளே மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது, கடைசியாக எப்போது திருப்பிப் படுக்கவைத்தீர்கள், நோயாளி தானே செய்ய விரும்பும் காரியங்கள் எவை. அந்த மூன்றாவதைச் சொல்ல நான் தாமதித்ததால் அம்மா தானே சீவிக்கொள்ளும் தலையைச் சில வாரங்கள் அவர்கள் சீவிவிட்டார்கள். இப்போது சீப்பை அம்மாவின் இடது கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.