உளுந்து வேருக்காக வாங்கிய 7.5 லீற்றர் குக்கர்

வவுனியா பஜார் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய இந்திய அலுமினியக் குக்கர். சோறு கறிக்கு எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், இதில் நான் அவித்ததெல்லாம் பக்றீரியாவுக்கான சாப்பாடு.

இறுதி வருட ஆய்வுக்கு, செட்டிகுளத்தில் மாமாவின் காணியில் உளுந்துச் செடி பிடுங்கி, வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் வேர்முடிச்சுகளிலிருந்து றைசோபியம் என்ற, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் பக்றீரியாவைப் பிரிக்க வேண்டும். அதற்கு, அதை வளர்க்கும் அகாரை, அதாவது மதுவச்சாறும் மனிட்டோல் என்ற சீனி வகையும் கலந்த கூழை, முதலில் கிருமிநீக்க வேண்டும். நான் படித்த இடத்தில் ஒட்டோகிளேவ், அதாவது அமுக்க நீராவியால் கிருமி கொல்லும் கருவி, ஒன்றுதான், வரிசையோ நீளம். "வீட்டில குக்கர் இல்லையோ?" என்று சேர் கேட்டபோது பகிடி என்றுதான் நினைத்தேன். ஆனால் கணக்குச் சரி. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் கொதிநீராவி 121 பாகை செல்சியஸுக்குப் போகும், அங்கே 15 நிமிடம் நின்றால் போதும், வெயிட் போட்ட குக்கரும் கிட்டத்தட்ட அந்த அமுக்கத்துக்கு வந்துவிடும்.

முதல் தடவை மூடியவுடனேயே வெயிட்டைப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அகார் ஊற்றிய கிண்ணம் முழுக்கப் பூஞ்சணம். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் அமுக்கம் ஏறும், வெப்பம் அந்தளவுக்கு ஏறாது. அப்புறம் ஐந்து நிமிடம் ஆவியைச் சீற விட்டுத்தான் வெயிட் போட்டேன். இரண்டாம் தடவை பொறுமையில்லாமல் வெயிட்டைத் தூக்க, அகார் பொங்கிக் குடுவை வாயிலிருந்த பஞ்சடைப்பெல்லாம் நனைந்து, அதைச் சுரண்டி எடுக்க ஒரு பின்னேரம் போனது. தானாக ஆற விடுங்கள். அகார் இறுகினாலும் பரவாயில்லை, ஆய்வுகூடத்தில் கொதிநீரில் வைத்து உருக்கி ஊற்றலாம்.

250 மில்லிலீற்றர்க் கூம்புக்குடுவை மூன்று தாராளமாக நிற்கும், அடியில் இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். பக்றீரியா வளர்த்துப் பாவித்த கிண்ணங்களை மட்டும் இதற்குள் வைக்கவேயில்லை, அவை ஒட்டோகிளேவுக்கே போயின. சொன்னால் அம்மா நம்பவில்லை, இன்றுவரை அவர் இதில் பருப்புக்கூட அவித்ததில்லை.

நாலு மாதத்தில் ரப்பர் வளையம் இறுகி ஆவி கசிந்தது, அதே கடையில் புதிது வாங்கிப் போட்டேன். பெரிய குறை, அமுக்கமானி இல்லை. விசில் சத்தத்தை நம்பி நேரம் பிடிக்க வேண்டும், ஒட்டோகிளேவ் நாடா கறுத்தாலும் அது சூடு பட்டதைத்தான் சொல்லும், கிருமி செத்ததை அல்ல. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணத்தில் ஒன்றும் தடவாமல் வைத்து, ஏதும் முளைக்கிறதா என்று பார்த்தேன்.

கடைசியில், கொங்கோ சிவப்புச் சாயம் சேர்த்த அகாரில், றைசோபியத்துக்கு உரியபடி நிறம் பிடிக்காமல் வெள்ளையாய், வழுவழுப்பாய்ப் பக்றீரியாச் சமுதாயங்கள் (கொலனிகள்) வந்தன. குக்கருக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி, குறைத்த ஒன்று அமுக்கமானி இல்லாததற்கு.