ஏ3, 3 சீரிஸ், இஎஸ் 300எச்: தினசரி நெரிசலுக்கு எந்தச் சொகுசு செடான்?

டெஸ்ட் டிரைவுக்குப் போகிற பலரும் காலிச் சாலை கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்க்கிறார்கள், கார் பாய்கிறது, மனசு நிறைந்துவிடுகிறது, முன்பணம் கட்டிவிடுகிறார்கள். தினமும் வேலைக்குப் போய்வரத்தான் கார் என்றால் அந்தப் பாய்ச்சலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் இந்த வகைக் கார்கள் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். வித்தியாசம் தெரிவது 30-க்குக் கீழே. முன்னால் இருக்கிற வண்டி கொஞ்சம் நகர, நாமும் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து என்று அரை மணி நேரம் போகும்போதுதான் கியர்பாக்ஸும் பிரேக்கும் தங்கள் குணத்தைக் காட்டும். அதனால் ஷோரூம்காரர் சொல்லும் வழியை விட்டுவிட்டு, நெரிசல் நேரத்தில், முடிந்தால் உங்கள் வழக்கமான பாதையிலேயே ஓட்டக் கேளுங்கள்.

சொகுசு வரிசையின் கீழ்ப்படிகளில் இருக்கிற மூன்று கார்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 2020-இல் வந்த தலைமுறை ஆடி ஏ3 செடான், 2018-இல் அறிமுகமான தலைமுறை பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், அதே ஆண்டு வந்த ஏழாம் தலைமுறை லெக்ஸஸ் இஎஸ் 300எச். மூன்றும் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் விதமே வேறு வேறு. நெரிசலில் ஓட்டுகிறவருக்கு என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

ஏ3-இல் பொதுவாக வருவது ஏழு கியர் டூயல் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அடுத்த கியர் எப்போதும் தயாராக இருப்பதால் ஓட்டத்தில் மாறுவதே தெரியாது. ஆனால் ஊர்ந்து போகும்போது மேனுவல் கார் ஓட்டுகிறவர் காலால் பாதி கிளட்ச் பிடிக்கிற அதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டியிருக்கிறது, அங்கேதான் சின்னச் சின்னக் குலுக்கல் எட்டிப் பார்க்கும். 1.5 லிட்டர் இன்ஜினோடு வருவது உலர் கிளட்ச், தொடர்ந்து ஊர்ந்தால் சூடேறும். 2.0 லிட்டரோடு வருவது எண்ணெயில் நனைந்து இயங்குவது, சூட்டைத் தாங்கும். ஒரே பெயர்ப்பலகை, ஒரே அழகான டேஷ்போர்டு, ஆனால் நெரிசலில் இரண்டும் ஒன்றல்ல. ஏ3 வாங்குவதானால் 2.0-ஐத்தான் சொல்வேன்.

3 சீரிஸில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இதில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது, அதாவது கிளம்பும்போது சக்தி திரவத்தின் வழியாகப் போகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு நகர்கிற அந்த அமைதி டூயல் கிளட்சில் வராது. இன்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போவதால் ஸ்டியரிங்கும் இழுப்பு இல்லாமல் சுத்தமாக இருக்கும், வளைவுகள் உள்ள பாதையில் தினமும் போகிறவர் காலையிலேயே சிரித்துக்கொண்டு போகலாம். சிக்கல் டயரில் இருக்கிறது. பல வேரியண்ட்களில் ரன்ஃப்ளாட் டயர் வரும். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது பெரிய நிம்மதிதான், ஆனால் அதற்காகப் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், சாலையில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடமும் முதுகுக்குத் தெரியும். அதோடு விறைப்பான எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷனும் 19 அங்குலச் சக்கரமும் சேர்ந்துவிட்டால் தினசரி ஓட்டத்துக்கு நான் வேண்டாம் என்பேன். இன்னொன்று, 2022-இல் செய்த மாற்றத்தில் ஏசி பொத்தான்கள் திரைக்குள் போய்விட்டன. சிக்னலில் நிற்கும்போது பரவாயில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போது தொல்லை. ஏ3-இலும் இஎஸ்-இலும் ஏசிக்குத் தனிப் பொத்தான்கள் இருக்கின்றன.

அப்புறம் இஎஸ் 300எச், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட். இதில் படிப்படியான கியரே கிடையாது. எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் 2.5 லிட்டர் அட்கின்சன் சுழற்சி பெட்ரோல் இன்ஜினையும் மின்மோட்டார்களையும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது. நின்ற இடத்திலிருந்து பெரும்பாலும் மோட்டாரே இழுப்பதால் நெரிசலில் சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை, பிரேக் பிடிக்கிற போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. மற்ற கார்கள் பெட்ரோலைக் குடிக்கிற இடத்தில் இது சேமிக்கிறது. குறை? வேகமாக முந்த வேண்டி முழுசாக அழுத்தினால் இன்ஜின் ஒரே சுருதியில் இரையும், வேகம் கொஞ்சம் தாமதமாகத்தான் பின்தொடரும். ஏறக்குறைய 4.97 மீட்டர் நீளம் வேறு. ஏ3 சுமார் 4.5 மீட்டர்தான், 3 சீரிஸ் 4.71. பார்க்கிங் இறுக்கமான இடமாக இருந்தால் இந்த அரை மீட்டர் தினமும் சண்டை போடும். பழைய கார் பார்க்கிறவர்கள் 2021 மாற்றத்துக்கு முந்தைய இஎஸ்-ஐ எடுக்கும் முன் திரையை இயக்குகிற அதன் டச்பேடைக் கட்டாயம் பழகிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் தொடுதிரை வந்தது.

மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் செடானை ஏன் விட்டேன் என்று சிலர் கேட்கலாம். ஏ 200-இல் இருப்பது ரெனோவோடு சேர்ந்து உருவாக்கிய 1.3 லிட்டர் டர்போ, அதுவும் ஏழு கியர் டூயல் கிளட்சோடுதான் வருகிறது. நெரிசலைப் பொறுத்தவரை ஏ3 பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

என் தேர்வு நேரடியானது. பாதையில் பாதிக்கு மேல் ஊர்ந்து போவதுதான் என்றால் இஎஸ். பாதி நெரிசல், பாதி திறந்த சாலை என்றால் சாதாரண சஸ்பென்ஷனும் சிறிய சக்கரமும் உள்ள 3 சீரிஸ். வண்டி நிறுத்தும் இடம் சின்னது, பின் சீட்டில் பெரியவர்கள் அடிக்கடி வரமாட்டார்கள் என்றால் ஏ3 2.0. பின் சீட்டை எப்படிச் சோதிப்பது என்றால், உங்கள் சீட்டை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்துவிட்டு அதற்கு நேர் பின்னால் போய் உட்காருங்கள். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், ஏ3-இல் 2636 மில்லிமீட்டர், இஎஸ்-இல் 2870. முழங்கால் அதை உடனே சொல்லிவிடும்.

டெஸ்ட் டிரைவுக்குக் கொடுக்கிற கார் பல நேரம் உயர்ந்த வேரியண்டாக இருக்கும், பெரிய சக்கரத்தோடு. நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே சக்கர அளவு உள்ள வண்டி வரும்வரை காத்திருந்து ஓட்டுங்கள்.